ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே: ஆபாவின் ஒரு பாட்டும் ரசிகர்களின் தீராத வழக்கும்

முதலில் பெயர்ப் பிரச்சினையை முடித்துவிடலாம். ஸ்வீடனின் அந்தப் பாப் குழுவின் பெயரை உச்சரிப்பை ஒட்டித் தமிழில் எழுதினால் ‘அப்பா’ என்றாகிவிடும். “அப்பாவின் கடைசிப் பாட்டு” என்று ஆரம்பித்தால் படிப்பவர்கள் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஆபா.

ஆபா என்றதும் நினைவுக்கு வரும் ‘டான்சிங் குவீன்’, ‘மம்மா மியா’ போன்ற பாட்டுகளைப் பற்றி ரசிகர்களுக்குள் பெரிய சண்டை எதுவும் கிடையாது. சண்டையெல்லாம் ஓரத்தில் கிடக்கும் பாட்டுகளைப் பற்றித்தான். அவற்றில் நீண்ட காலமாக நடக்கும் வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். 1982 அக்டோபரில் வெளிவந்த ‘த டே பிஃபோர் யூ கேம்’, அதாவது நீ வந்ததற்கு முந்தின நாள். இனி சுருக்கமாக ‘முந்தின நாள்’.

குழுவின் ஆகச் சிறந்த பாட்டு இதுதான் என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கொட்டாவி வரவழைக்கும் பாட்டு என்று ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள். (பாட்டுக்குள்ளேயே அந்தப் பெண் ஒரு கொட்டாவி விடுகிறாள், அது வேறு விஷயம்.) சுமாரான பாட்டு என்று நடுவில் நிற்பவர்கள் குறைவு. ஒரே குழுவை வருடக்கணக்காகக் கேட்டு ஒரே மாதிரி ரசனை வளர்ந்தவர்கள் ஒரு பாட்டில் மட்டும் ஏன் இப்படி எதிரெதிராக நிற்கிறார்கள்? என் வீட்டிலேயே இந்த வழக்கு இருக்கிறது. அக்கா ஒரு கட்சி, நான் ஒரு கட்சி.

நடந்தது என்ன

1982-க்குள் ஆபா களைத்துப் போயிருந்தது. நான்கு பேர், இரண்டு தம்பதிகள்: பாடும் பெண்கள் அக்னேத்தா, ஃப்ரீடா; பாட்டு அமைக்கும் ஆண்கள் பியோர்ன், பென்னி. அக்னேத்தாவும் பியோர்னும் பிரிந்த செய்தி 1979 தொடக்கத்தில் வெளிவந்தது. 1981 பிப்ரவரியில் ஃப்ரீடா, பென்னியின் பிரிவு. அதற்குப் பிறகும் நால்வரும் ஒரே ஸ்டூடியோவுக்கு வந்து வேலை பார்த்தார்கள். அந்த வருடக் கடைசியில் வந்த ‘த விசிட்டர்ஸ்’ தொகுப்பில் பழைய குதூகலம் கிட்டத்தட்ட இல்லை. அதன் தலைப்புப் பாட்டு, கதவு தட்டப்படும் சத்தத்துக்கு அஞ்சி உட்கார்ந்திருக்கும் சோவியத் அதிருப்தியாளர்களைப் பற்றியது.

அடுத்த வசந்தத்தில் புதுத் தொகுப்பு ஒன்றை ஆரம்பித்தார்கள். சில பாட்டுகள் பதிவாயின. திருப்தி வரவில்லை, தொகுப்பு கைவிடப்பட்டது. அதற்குப் பதில், பத்து வருடத்தில் வந்த சிங்கிள்களை, அதாவது தனித்தனியாக வெளியிட்ட பாட்டுகளை, இரட்டைத் தட்டாகச் சேர்த்து, கூடவே இரண்டே இரண்டு புதுப் பாட்டு தருவது என்று முடிவாயிற்று. அந்த இரண்டில் ஒன்றுதான் ‘முந்தின நாள்’. ஸ்டாக்ஹோமில் அவர்களுடைய சொந்த ஸ்டூடியோவான போலாரில் ஆகஸ்டில் பதிவானது. அந்தக் காலகட்டத்தில் அவர்கள் சேர்ந்து பதிவு செய்த கடைசிப் பாட்டு என்று பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

பாட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று சொல்வது சுலபம். வருடக்கணக்காகக் கூட வாசித்த டிரம்ஸ்காரரும் பேஸ் கிட்டார்காரரும் இல்லை. பென்னியின் சின்தசைசர்கள், ஒரு மெல்லிய ஸ்னேர் டிரம், பியோர்னின் கிட்டார், அவ்வளவுதான். அக்னேத்தாவும் ஃப்ரீடாவும் ஒரே மூச்சாக எழுப்பும் அந்த இரட்டைக் குரல், ஆபாவை மூன்று விநாடியில் அடையாளம் காட்டும் குரல், இதில் இல்லை. அக்னேத்தா தனியாகப் பாடுகிறார். ஃப்ரீடா பின்னால் எங்கோ, சொற்களே இல்லாமல், ஆப்பரா பாடகி போல இழுக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, பல்லவி இல்லை. மூன்று நீண்ட சரணங்கள், கடைசியில் ஒரு சின்ன வால். ஒவ்வொன்றும் முடியும்போது மட்டும் தலைப்பு வரி வந்து விழுகிறது. கூட்டமாகச் சேர்ந்து பாடும் பல்லவிகளை வைத்து உலகத்தைப் பிடித்த குழு, ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சமே குறைவான பாட்டைப் பல்லவியே இல்லாமல் போட்டது.

பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது 32-ஆம் இடத்தோடு நின்றது. இந்த எண்ணின் கனம் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1975-இல் ‘எஸ் ஓ எஸ்’ தொடங்கி 1981 கடைசியில் ‘ஒன் ஆஃப் அஸ்’ வரை அங்கே தொடர்ச்சியாக 18 சிங்கிள்கள் முதல் பத்துக்குள் வந்திருந்தன. 1974-இன் ‘வாட்டர்லூ’ பாட்டையும் சேர்த்தால் மொத்தம் ஒன்பது முறை முதலிடம். 1982 தொடக்கத்தில் ‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ 25-இல் நின்று அந்த வரிசையை அறுத்தது. ‘முந்தின நாள்’ அதற்கும் கீழே போயிற்று. ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் முதல் பத்துக்குள் வந்தது உண்மை. ஆனாலும் ‘ஆபா முடிந்தது’ என்ற பேச்சுக்குச் சாட்சியாக எடுத்துக் காட்டப்படுவது பிரிட்டனின் அந்த 32-தான்.

கட்சிகள்

பாட்டைப் பிடிக்காதவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று தள்ளிவிடுவது மற்ற கட்சிக்காரர்களின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை, அவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆபாவைக் கேட்பது இரண்டு பெண் குரல்கள் ஒன்றோடு ஒன்று உரசி எழும் அந்த மினுக்கத்துக்காக என்றால், இந்தப் பாட்டில் அது கிடைக்காது. ஃப்ரீடாவின் ரசிகர்களுக்கு இன்னும் கோபம். அப்பேர்ப்பட்ட குரலுக்கு ஒரு சொல்கூடக் கொடுக்காமல் பின்னணியில் நிறுத்தியது அநியாயம் என்பார்கள். மெட்டு நகர மறுக்கிறது, ஒரே இடத்தில் சுற்றுகிறது என்பது அடுத்த புகார். அதுவும் உண்மை. அது குறையா, வேண்டுமென்றே செய்ததா என்பதில்தான் பேச்சு.

பியோர்ன் பின்னாளில் இதைப் பற்றிப் பேசும்போது, தாங்கள் அப்போதே இசை நாடகத்தை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தோம், ரசிகர்களுக்கு இந்த மாற்றம் அதிகமாகிவிட்டிருக்கலாம் என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். ஆண்கள் இருவரும் அதற்கடுத்து பாடலாசிரியர் டிம் ரைஸுடன் சேர்ந்து ‘செஸ்’ என்ற இசை நாடகத்தில்தான் இறங்கினார்கள். அதை மனதில் வைத்துக் கேட்டால் அக்னேத்தா நடிக்கிறார் என்பது காதில் படும். பெரிய பாடகி தன் குரலை மடித்து வைத்துவிட்டு, அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாரோ ஒருத்தியைப் போலப் பாடுகிறார். உச்சத்துக்கே போவதில்லை. ‘த வின்னர் டேக்ஸ் இட் ஆல்’ பாட்டில் தொண்டையைக் கிழித்து அழுத அதே குரலா இது என்று தோன்றும்.

பாட்டைக் கொண்டாடுபவர்கள் ஒரே அணி என்று நினைத்தால் ஏமாந்து போவோம். எதிரிகளோடு சண்டை போடும் நேரத்தைவிடத் தங்களுக்குள் சண்டை போடும் நேரம்தான் அதிகம். விஷயம் இதுதான்: ஒரு பெண் தன் வாழ்க்கையின் ஒரு சாதாரண நாளை ஆரம்பம் முதல் கடைசி வரை சொல்கிறாள். எட்டு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவது, ரயில், பேப்பர், ஆபீஸ், மதியச் சாப்பாடு, சிகரெட், திரும்ப ரயில், டிவி, தூக்கம். அதற்கு மறுநாள் ‘நீ’ வருகிறாய். அந்த ‘நீ’ யார், வந்து என்ன ஆயிற்று என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அக்காவின் கட்சி: இது காதல் பாட்டு. சலிப்பான வாழ்க்கையில் ஒருவன் வந்தான், வெளிச்சம் வந்தது, பழைய நாட்களை இப்போது திரும்பிப் பார்க்கிறாள். “அவன்தான் வந்துட்டான்ல, அப்புறம் என்னடா அழுகை?” என்பது அவளுடைய வாதம்.

என் கட்சி: வந்தவன் போய்விட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் இந்தத் தொனியில் யாரும் பேச மாட்டார்கள். “வந்தவன் இன்னும் இருக்கான்னு எங்க சொல்லியிருக்கா, அக்கா?” என்று கேட்டால் அவளிடம் பதில் இருக்காது. “போயிட்டான்னு எங்க சொல்லியிருக்கா?” என்று திருப்பிக் கேட்பாள். என்னிடமும் பதில் இருக்காது.

மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. வந்தது காதலனே இல்லை, கொலைகாரன். அல்லது மரணம். பேசுவது இறந்தவள். முதல் தடவை கேட்டபோது நான் சிரித்தேன். பிறகு இருட்டில் ஒருமுறை ஃப்ரீடாவின் அந்தச் சொல்லற்ற குரலைக் கேட்டுவிட்டுச் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

பாட்டுக்கு எடுத்த படம் அக்கா கட்சிக்குச் சாதகம். அதில் அக்னேத்தா ரயிலில் ஓர் ஆணைச் சந்திக்கிறார், இருவரும் கண்ணால் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் ஆபாவின் பெரும்பாலான படங்களை எடுத்த லாஸே ஹால்ஸ்ட்ரம் இதை எடுக்கவில்லை. வேறு இருவர் எடுத்தார்கள். அதனால் படத்தைச் சாட்சியாக ஏற்கமுடியாது என்பது என் கட்சியின் சட்ட நுணுக்கம். பலவீனமான நுணுக்கம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கடிகாரத்தை வைத்துப் பார்த்தால்

ஒரு நாள் காகிதமும் பேனாவும் எடுத்து, பாட்டில் வரும் நேரங்களை வரிசையாக எழுதினேன். வீட்டைவிட்டுக் கிளம்புவது எட்டு. மேசையில் உட்காருவது ஒன்பதேகால். சாப்பாடு பன்னிரண்டரை வாக்கில். அன்றைய ஏழாவது சிகரெட் இரண்டரைக்கு. ஆபீஸிலிருந்து கிளம்புவது ஐந்து, படிப்பை முடித்த நாளிலிருந்து அதில் மாற்றமே இல்லையாம். வீட்டுக் கதவைத் திறப்பது எட்டு மணி வாக்கில். படுக்கை பத்தேகால்.

எழுதி முடித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. காலையில் வீட்டிலிருந்து மேசைக்கு ஒன்றேகால் மணி நேரம். மாலையில் மேசையிலிருந்து வீட்டுக்கு மூன்று மணி நேரம். ரயில் அதே ரயில். நடுவில் அவள் செய்ததாகச் சொல்வது இரண்டே காரியம். மாலைப் பேப்பர் படித்திருப்பாள், வழியில் சீனச் சாப்பாடு பொட்டலம் வாங்கியிருப்பாள். பேப்பர் ரயிலிலேயே முடிந்துவிடும். ஒன்றே முக்கால் மணி நேரம் கணக்கில் வரவில்லை.

பாட்டு எழுதியவருக்குக் கணக்குத் தவறியிருக்கலாம், எட்டு என்ற சொல் தாளத்துக்கு உட்கார்ந்திருக்கலாம். அதுதான் நடந்திருக்கும் என்று என் புத்தி சொல்கிறது. ஆனால் ரசிகனுக்குப் புத்தி சொல்வது போதாது. காலையில் கிளம்பும் நேரத்தைப் பிசகாமல் சொல்கிறவள் மாலையில் ‘எட்டு மணி வாக்கில்’ என்று ஏன் குழைகிறாள்? தன் நாள் வழக்கமான சட்டத்துக்குள்தான் இருந்தது என்று உறுதி கூறிய அடுத்த சரணத்திலேயே இந்த ஓட்டை வருகிறதே? கொலைக் கட்சிக்காரர்களுக்கு இது அல்வா. காதல் கட்சிக்கும் உதவும்: வீட்டுக்குப் போக மனமில்லாமல் எங்கோ சுற்றியிருக்கிறாள், தனிமை அவ்வளவு. கணக்கில் வராத அந்த நேரத்தை அவரவர் தங்களுக்குத் தேவையானதைப் போட்டு நிரப்பிக்கொள்கிறார்கள்.

கிளம்பியிருப்பேன், படித்திருப்பேன்

பாட்டின் வினைச்சொற்களுக்கு வருவோம். அவள் ‘கிளம்பினேன்’ என்று சொல்வதில்லை. ‘படித்தேன்’, ‘சாப்பிட்டேன்’ என்றும் இல்லை. ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வரும் அந்த அமைப்பைத் தமிழுக்குக் கொண்டுவர யோசிக்கவே வேண்டாம், நம்மிடம் கைவசம் ஒன்று இருக்கிறது. எட்டு மணிக்குக் கிளம்பியிருப்பேன். பேப்பர் படித்திருப்பேன். தலையங்கத்தைப் படித்து முகம் சுளித்திருப்பேன். ஏழாவது சிகரெட்டைப் பற்றவைத்திருப்பேன். பாட்டு முழுக்க இதே ‘இருப்பேன்’, பத்துத் தடவைக்கும் மேல்.

நாம் இந்த வினையை எங்கே பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நேற்று இரவு போன் அடித்ததே, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால் “தூங்கியிருப்பேன்” என்கிறோம். ஞாபகம் இல்லை, ஆனால் வழக்கத்தை வைத்து ஊகிக்கிறோம். விசாரணையில் நிற்பவரும் இதே மாதிரிதான் பேசுவார்: “அந்த நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருப்பேன் சார்.” கொலைக் கட்சி முளைத்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். பாட்டின் தொனி வாக்குமூலத்தின் தொனி. கூடவே ‘நிச்சயம்’, ‘சந்தேகமே இல்லை’ போன்ற சொற்களை அள்ளித் தெளிக்கிறாள். இத்தனை தடவை சத்தியம் செய்கிறவரைப் பார்த்தால் நமக்குச் சந்தேகம் வராதா?

ஆனால் இதற்கு எளிமையான விளக்கம் ஒன்று உண்டு, அதுவே எனக்குச் சரியாகப் படுகிறது. சாதாரண நாளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. பெரிய சம்பவம் நடந்த நாள் நினைவிருக்கும். அதற்கு முந்தின நாள் நினைவிருக்காது, அது முக்கியமாகப் போகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அவளுக்கு அந்த நாள் மறந்துபோயிற்று. இப்போது அதைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. அதனால் எல்லா நாளிலிருந்தும் துண்டுகளை எடுத்து ஒரு நாளை ஒட்டுப்போடுகிறாள். மழை பெய்ததுகூட ஊகம்தான். முதல் சரணத்தில் அன்றைக்கு மழை பெய்திருக்கும் என்கிறாள். கடைசியில் படுத்துக்கொண்டு கூரையில் மழைச் சத்தம் கேட்டிருப்பேன் என்கிறாள். தனக்கு ஒரு நல்ல நாளைக்கூடக் கற்பனை செய்து கொடுத்துக்கொள்ளத் தெரியாதவள்.

எந்தத் தேவை அவளைப் போய்விட்ட நாளை இப்படி ஒட்டுப்போட வைக்கிறது? இந்த இடத்தில் நான் என் கட்சிக்குத் திரும்புகிறேன். மகிழ்ச்சியாக இருப்பவர்களுக்கு முந்தின நாளின் சிகரெட் கணக்கு எதற்கு?

பிளான்க்மாஞ்ச் செய்த சின்ன மாற்றம்

1984-இல் பிளான்க்மாஞ்ச் என்ற பிரிட்டிஷ் சின்தசைசர் ஜோடி இதே பாட்டைப் பாடி வெளியிட்டது. பிரிட்டனில் 22-ஆம் இடம், அதாவது மூலப் பாட்டைவிடப் பத்துப் படி மேலே. ஆபா ரசிகர்களில் ஒரு பகுதிக்கு இன்றும் இது ஆறாத புண். உலகமே பாடிய குழுவை, அதன் பாட்டை வைத்தே இரண்டு பேர் தாண்டிவிட்டார்கள். கிண்டல் செய்யத்தான் பாடினார்கள் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். இல்லை, மெட்டின் அருமை அப்போதே தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்று வேறு சிலர் சொன்னார்கள்.

எனக்கு அந்தப் பதிப்பில் சுவாரசியமாகப் பட்டது ஒரு பெயர் மாற்றம். ஆபாவின் பாட்டில் அந்தப் பெண் தூங்கும் முன் மேரிலின் ஃப்ரெஞ்சின் புதுப் புத்தகத்தையோ அந்த மாதிரி ஒன்றையோ படித்திருப்பாள். பிளான்க்மாஞ்ச் பதிப்பில் அது பார்பரா கார்ட்லண்ட் ஆகிவிட்டது. கார்ட்லண்ட் எழுநூறுக்கும் மேல் எழுதிக் குவித்தவர், பெரும்பாலும் இளவரசனும் கன்னிகையும் கடைசிப் பக்கத்தில் சேரும் காதல் கதைகள். மேரிலின் ஃப்ரெஞ்ச் அமெரிக்கப் பெண்ணியவாதி. 1977-இல் வந்த அவருடைய முதல் நாவலே, கல்யாணம் என்ற ஏற்பாட்டுக்குள் பெண்கள் என்ன ஆகிறார்கள் என்று கோபத்தோடு கேட்டது.

இந்த ஒரு பெயரால் பாட்டு வேறு பாட்டாகிவிடுகிறது. கார்ட்லண்ட் படிப்பவர் யாரோ வரட்டும் என்று காத்திருப்பவர். ‘நீ’ வந்தால் கதை சுபம். மேரிலின் ஃப்ரெஞ்ச் படிப்பவள் அப்படிக் காத்திருக்க மாட்டாள். தான் படிப்பது என்ன என்று தெரிந்து படிக்கிறவள் அவள். (டிவியில் ‘டாலஸ்’ தொடரை ஒரு பகுதிகூட விடாமல் பார்க்கிறாள் என்பதையும் மறக்கக் கூடாது. மனிதர்கள் அப்படித்தான்.) அந்தப் புத்தகம் வரும் சரணத்தின் கடைசியில்தான், வேடிக்கை என்னவென்றால் குறிக்கோள் இல்லாமல் வாழ்கிறேன் என்ற எண்ணமே எனக்கு அப்போது இருந்ததில்லை என்ற பொருளில் ஒரு வரி வருகிறது.

அக்கா இந்த வரியைத்தான் தன் சாட்சியாகக் கொண்டுவருவாள். பார், அவன் வந்த பிறகுதானே தன் வாழ்க்கை வெறுமையாக இருந்தது அவளுக்குத் தெரிந்தது என்பாள். எனக்கு அதே வரி வேறு மாதிரி கேட்கிறது. அவளுக்கு ஒரு வேலை இருந்தது, தினமும் கூடச் சாப்பிடும் கூட்டம் இருந்தது, தூக்கம் இருந்தது. குறை என்று எதுவும் தோன்றவில்லை. யாரோ வந்து, அதெல்லாம் வெறுமை என்று கற்றுக்கொடுத்துவிட்டார்கள். கற்றுக்கொடுத்தவன் பக்கத்தில் இருந்தால் அது வரம். இல்லாவிட்டால், முந்தின நாளையும் சேர்த்துப் பறித்துக்கொண்டு போயிருக்கிறான். இனி அந்த ரயிலில் அவள் பழையபடி பேப்பர் படிக்க முடியாது.

இதை நேர்மையாக எடைபோட்டால், வரி இரண்டு பக்கமும் சாய்கிறது. என் பக்கம் கொஞ்சம் கூடச் சாய்கிறது என்று சொன்னால் அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

தங்கத் தட்டில் இடம் கிடைக்காதவை

ஒரு பாட்டு ‘அதிகம் அறியப்படாத பாட்டு’ ஆவது எப்படி? ஆபா விஷயத்தில் இதற்குக் கையால் தொட்டுக் காட்டக்கூடிய பதில் இருக்கிறது. 1992-இல் ‘ஆபா கோல்ட்’ என்ற தொகுப்பு வந்தது. 19 பாட்டுகள். பிரிட்டனின் ஆல்பம் பட்டியலில் 1000 வாரங்களைத் தொட்ட முதல் ஆல்பம் அதுதான், 2021-இல். அந்தத் தொகுப்பு வந்த பிறகு பிறந்தவர்களுக்கு ஆபா என்றால் அந்த 19 பாட்டுதான். கல்யாண வீட்டிலும் விளையாட்டு மைதானத்திலும் அதுவே ஒலிக்கிறது. 1982-இல் வந்த பாட்டு ஒன்றுகூட அதில் இல்லை. ‘முந்தின நாள்’ அடுத்த வருடம் ‘மோர் ஆபா கோல்ட்’ என்ற இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தது.

நான் இதை அந்தப் பாட்டுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்பேன். ‘டான்சிங் குவீன்’ யாரைப் பற்றியது என்று யாரும் சண்டை போடுவதில்லை. அது வேலைக்குப் போய்விட்டது. ஆட வைக்கும் வேலை, கூட்டத்தைச் சேர்க்கும் வேலை. வேலைக்குப் போன பாட்டை யாரும் உட்கார வைத்து விசாரிப்பதில்லை. வேலையில்லாமல் வீட்டில் இருந்த ‘முந்தின நாள்’ பாட்டிடம்தான் எல்லோருக்கும் பேச நேரம் இருந்தது.

இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். நாளாக ஆக, இந்தப் பாட்டைப் பிடிக்கும் என்று சொல்வது ஓர் அடையாள அட்டையாகிவிட்டது. நான் வெறும் கோல்ட் ரசிகன் இல்லை, உள்ளே இருப்பவன் என்று காட்டுவதற்கு. ஓபரா பாடகி ஆன் சோஃபி ஃபான் ஓட்டர் பாடினார், பாப் பாடகி டனிட்டா திக்காரம் பாடினார், ராக் இசைக்காரர் ஸ்டீவன் வில்சன் பாடினார். இத்தனை பேர் தேடிவந்த பாட்டை அதிகம் அறியப்படாத பாட்டு என்று இன்னும் சொல்லலாமா? பிடிக்காதவர்களின் எரிச்சலில் பாதி, பாட்டின் மேல் இல்லை, இந்த அட்டையின் மேல்தான். அது எனக்குப் புரிகிறது.

அட்டை எல்லோரிடமும் வந்துவிட்டால் அடுத்த அட்டை தேவைப்படும். அப்படித் தேவைப்பட்டதுதான் ‘ஜஸ்ட் லைக் தட்’. 1982-இல் கைவிடப்பட்ட அந்தத் தொகுப்புக்காகப் பதிவான பாட்டு. ஆபாவின் குரலில் முழுசாக வெளியிடவே இல்லை. 1994-இல் வந்த பெட்டித் தொகுப்பில், வெளிவராத பாட்டுகளின் துண்டுகளை இருபது நிமிடத்துக்கு மேல் ஒன்றாகத் தைத்து ஒரு கோவையாகப் போட்டார்கள். அதில் இதன் ஒரு துண்டு வருகிறது, மனதைப் பறிக்கும் நேரத்தில் அறுந்து அடுத்த துண்டுக்குப் போய்விடுகிறது. இதை மன்னிக்காத ரசிகர்கள் இருக்கிறார்கள். முழுப் பாட்டைத் தராமல் ருசி மட்டும் காட்டியது கொடுமை என்பது அவர்கள் வாதம். பாட்டைச் செய்தவர்களே முடியவில்லை என்று வைத்துவிட்டதைக் கேட்பதற்கு நமக்கென்ன உரிமை என்பது எதிர்வாதம். நான் இரண்டாவது பக்கம், ஆனால் முழுப் பாட்டு நாளை வெளிவந்தால் முதல் ஆளாகக் கேட்பேன். கொள்கைக்கும் காதுக்கும் சம்பந்தம் கிடையாது.

ஒன்றைக் கவனித்தேன். ‘ஜஸ்ட் லைக் தட்’ பற்றிய சண்டை பெரும்பாலும் கிடைப்பதைப் பற்றியது: வெளியிட வேண்டுமா, கூடாதா. ‘த விசிட்டர்ஸ்’ தொகுப்பில் பியோர்ன் பாடிய ‘டூ ஃபார் த பிரைஸ் ஆஃப் ஒன்’ பற்றிய சண்டை நகைச்சுவையைப் பற்றியது. அவ்வளவு கனமான தொகுப்பின் நடுவே ஒரு ஜோக் எதற்கு என்பார்கள் சிலர். அந்தச் சண்டை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஜோக் பிடிக்கும் அல்லது பிடிக்காது. ‘முந்தின நாள்’ மட்டும்தான் முடியாமல் ஓடுகிறது. ஓரத்தில் கிடக்கும் பாட்டு எல்லாமே இப்படிச் சண்டையைக் கிளப்பிவிடாது. இந்தப் பாட்டுக்கு உள்ளேயே ஒரு காலி இடம் இருக்கிறது. தேவையில்லாததை எல்லாம் நிமிடக் கணக்கோடு சொல்லிவிட்டுத் தேவையான ஒன்றைச் சொல்லாமல் விட்ட இடம்.

2022 மே மாதம் லண்டனில் ஆபாவின் மெய்நிகர் உருவங்கள் மேடையேறிய நிகழ்ச்சி தொடங்கியபோது, எல்லோரும் எதிர்பார்த்த பாட்டோடு ஆரம்பிக்காமல் ‘த விசிட்டர்ஸ்’ பாட்டோடு ஆரம்பித்தார்கள். ஓரத்துப் பாட்டுகளின் ரசிகர்களுக்கு இது பெரிய வெற்றி. அந்த முதல் பட்டியலில் ‘முந்தின நாள்’ இல்லை. மேடையில் அதை வைத்து என்ன செய்வது? கைதட்டக்கூட இடம் இல்லாத பாட்டு.

சமீபத்தில் அக்காவிடம் என் காகிதத்தைக் காட்டினேன். நேரங்களை வரிசையாக எழுதி, ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் சிவப்பில் வட்டம் போட்டிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். பாட்டை எத்தனையோ வருடம் கேட்டும் தன் காதில் இது விழவில்லை என்று ஒத்துக்கொண்டாள். இந்த ஒரு தடவை ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “சாப்பாட்டுக் கடையில கூட்டம் இருந்திருக்கும்டா. நின்னு வாங்கியிருப்பா.”